ஓவர், ரோஜர், அவுட்: கம்பியில்லாப் பேச்சின் ஒழுங்கு பிறந்த வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதக் குளிரில், தில்லி கன்டோன்மென்ட் கரியப்பா அணிவகுப்புத் திடலில் தேசிய மாணவர் படையின் குடியரசு தின முகாம் நடக்கிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் பிரிவிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் என்.சி.சி. உடுப்பு மாட்டிய பிள்ளைகள் பலர் உண்டு. அவர்கள் பரீட்சைக்காக "ஆல்ஃபா, பிராவோ, சார்லி" என்று உருப்போடுவதையும், "ரோஜர்", "ஓவர்", "சே அகெய்ன்" என்று ஒருவரையொருவர் கூப்பிட்டு விளையாடுவதையும் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். என்னடா இது, இங்கிலீஷ்காரன் விட்டுப்போன சடங்கு என்று சிலர் நினைக்கக்கூடும்.

அப்படி இல்லை. அந்தப் பாடத்தில் உள்ள விதிகளுக்குப் பின்னால் கப்பல்களும், படைகளும், விமானங்களும், மனித உயிர்களும் இருக்கின்றன. விதியை மட்டும் சொல்லிக்கொடுத்துக் காரணத்தைச் சொல்லாமல் விட்டால் பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளை மறந்துவிடும். அந்தக் காரணங்களை வரலாற்று வரிசையில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூப்பிடு தூரத்தைத் தாண்டி

நம் ஊர்ப்பக்கம் தூரத்தை அளக்க "கூப்பிடு தூரம்" என்பார்கள். குரல் எட்டும் வரைதான் கட்டளையும் எட்டும். அதற்கு அப்பால் முரசு, கொடி, தீப்பந்தம், குதிரைத் தூதன். ஆங்கிலேய இந்தியப் படையில் இதற்கு ஒரு நல்ல உபாயம் வந்தது. 1869-ல் ஹென்றி மான்ஸ் என்பவர் சூரிய ஒளியைக் கண்ணாடியில் வாங்கி விட்டுவிட்டு மின்னச்செய்து செய்தி அனுப்பும் ஹீலியோகிராஃப் என்ற கருவியை அமைத்தார். 1878-80 ஆப்கன் போரில் மலை உச்சிகளுக்கிடையே இந்தக் கண்ணாடி பேசியது.

இந்தக் கருவியில் ஒரு சங்கடம். எதிர் மலையின் மின்னலைப் பார்ப்பவன் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. அவன் எழுத்து எழுத்தாக உரக்கச் சொல்ல, பக்கத்தில் இன்னொருவன் எழுதிக்கொள்வான். காற்று வீசும் மலையில் 'பி', 'டி', 'வி' எல்லாம் ஒன்றுபோலக் காதில் விழும். எழுத்துக்கு ஒரு பெயர் வைத்துச் சொல்லும் வழக்கம் இந்தத் தொல்லையிலிருந்துதான் பிறந்தது. ரேடியோவுக்கு முந்திய பழக்கம் இது.

1895-ல் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா டவுன் ஹாலில் கம்பியே இல்லாமல் மின்னலைகளை அனுப்பி, தூரத்தில் மணியை ஒலிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் செய்து காட்டினார். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த மோர்ஸ் ஒலியைக் கேட்டதாக அறிவித்தார். பத்தே ஆண்டுகளில் கப்பல்களில் எல்லாம் கம்பியில்லாத் தந்தி ஏறிவிட்டது. கருவி வந்துவிட்டது, அதில் எப்படிப் பேசுவது என்ற ஒழுங்கு வரவில்லை. அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

கேட்க ஆள் இல்லாத இரவு

1906-ல் பெர்லினில் கூடிய சர்வதேச மாநாடு ஆபத்துக் குறியாக 'எஸ்.ஓ.எஸ்.' என்பதை ஏற்றது. 1908 ஜூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது. "எங்கள் ஆத்மாவைக் காப்பாற்றுங்கள்" என்பதன் சுருக்கம் என்று பலரும் சொல்வது பின்னால் கட்டிய கதை. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி; எத்தனை இரைச்சலிலும் தனியாகத் தெரியும். அதனால்தான் தேர்ந்தெடுத்தார்கள். குரல் ரேடியோவுக்கு வேறு சொல் தேவைப்பட்டபோது, 1923-ல் லண்டன் கிராய்டன் விமான நிலையத்தின் ரேடியோ அதிகாரி ஃபிரெடரிக் மாக்ஃபோர்டு "மே டே" என்ற சொல்லைக் கொடுத்தார். "எனக்கு உதவுங்கள்" என்ற பிரெஞ்சுத் தொடரின் ஒலி அது. 1927-ல் உலகம் அதை ஏற்றது.

குறி இருந்தால் போதுமா? 1912 ஏப்ரல் 14 இரவு, டைட்டானிக்கிற்குப் பக்கத்துக் கடலில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் பனிக்கட்டிக்கு நடுவே நின்றிருந்தது. அதன் ஒரே ரேடியோக்காரர் பனியைப் பற்றி டைட்டானிக்கிற்குச் சொல்ல வந்தார். பயணிகளின் சொந்தத் தந்திகளை அனுப்பிக்கொண்டிருந்த டைட்டானிக் ரேடியோக்காரர் குறுக்கிடாதே என்று வெட்டிவிட்டார். இவரும் இரவு பதினொன்றரை வாக்கில் கருவியை அணைத்துவிட்டுப் படுத்தார். பத்து நிமிடத்தில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டார்கள்.

இதிலிருந்து இரண்டு விதிகள் உறுதிப்பட்டன. ஒன்று, கேட்கும் காவல் இரவு பகல் விடாமல் இருக்கவேண்டும். இரண்டு, அவசரச் செய்திக்கும் சாதாரணச் செய்திக்கும் வரிசை உண்டு. சாதாரணம் வழிவிட வேண்டும். ராணுவச் செய்திகளின் தலைப்பில் "ஃப்ளாஷ்", "இமீடியட்", "பிரையாரிட்டி", "ரொட்டீன்" என்று எழுதுவது இந்த வரிசைதான். கப்பல்களிலோ மணிக்கு இருமுறை மூன்று மூன்று நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, யாராவது அபயக் குரல் கொடுக்கிறார்களா என்று கேட்டார்கள். ரேடியோ அறைக் கடிகாரத்திலேயே அந்த நிமிடங்களுக்கு வண்ணம் தீட்டியிருப்பார்கள். 1999-ல் செயற்கைக்கோள் முறை முழுமையாக வரும்வரை இந்த மௌன நேரம் நடைமுறையில் இருந்தது.

எம்டனைக் காட்டிக்கொடுத்த செய்தி

சென்னைக்காரர்களுக்கு எம்டனைத் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு, அரைமணி நேரத்தில் இருட்டில் மறைந்த ஜெர்மானியக் கப்பல். உயர்நீதிமன்றச் சுவரில் அதன் நினைவுக் கல் உண்டு. "அவன் சரியான எம்டன்" என்று இன்றைக்கும் நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தச் சொல் அன்று வந்தது.

எம்டனின் சாமர்த்தியம் பீரங்கியில் மட்டும் இல்லை, காதிலும் இருந்தது. தளபதி கார்ல் ஃபான் முல்லர் தன் ரேடியோவை அதிகம் பேசவிடாமல், பிரிட்டிஷ் கப்பல்களின் ரேடியோவை உட்கார்ந்து கேட்கச் செய்தார். சங்கேதம் புரியாவிட்டாலும், ஒலி பலமாக இருந்தால் எதிரி கிட்டத்தில், மெல்லிதாக இருந்தால் தூரத்தில் என்று கணக்குப் போட்டு இந்துமாக்கடலில் கண்ணாமூச்சி ஆடினார்.

அப்பேர்ப்பட்ட கப்பலை முடித்ததும் ரேடியோதான். 1914 நவம்பர் 9 காலை, கோகோஸ் தீவுகளில் உள்ள டைரக்‌ஷன் தீவின் கடலடித் தந்தி நிலையத்தையும் ரேடியோ நிலையத்தையும் அழிக்க எம்டன் வந்தது. தன் கரிக்கப்பலை அது ரேடியோவில் கூப்பிட்டதைத் தீவு நிலையத்தார் கேட்டார்கள். புதுக்கப்பல் ஒன்று வாயிலில் நிற்பதையும் கண்டார்கள். உடனே, அந்நியக் கப்பல் நுழைவாயிலில் நிற்கிறது என்று ஆபத்துக் குறியோடு சில சொற்களே கொண்ட செய்தியை அனுப்பினார்கள். எம்டன் இரைச்சலைக் கிளப்பி அதை அமுக்கப் பார்த்தது. நிலையத்தார் விடவில்லை, திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். கரையிறங்கிய ஜெர்மானியர் ரேடியோ கம்பத்தைச் சாய்த்தபோது, டென்னிஸ் மைதானத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள் என்றும் சொல்வதுண்டு. அவர்கள் வேலை அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

ஏனென்றால் ஐம்பது கடல் மைலுக்குச் சற்று அப்பால், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் துருப்புகளை ஏற்றிக்கொண்டு முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் காவலோடு சென்றுகொண்டிருந்தன. காவல் கப்பல்களில் ஒன்றான சிட்னி உடனே திரும்பியது. அன்று பகலுக்குள் எம்டன் அடிபட்டு வடக்கு கீலிங் தீவில் கரைதட்டிக் கிடந்தது.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். அந்த நிலையத்தார் நீளமாகக் கதை சொல்லவில்லை. என்ன, எங்கே என்ற இரண்டுக்கும் பதில் சில சொற்களில் அடங்கியது. அது அடங்கியதால்தான் இரைச்சலுக்கு நடுவேயும் பிழைத்தது. சுருக்கம் என்பது ரேடியோவில் அழகுக்காக இல்லை.

வாய் திறந்ததால் வந்த கேடு

அதே 1914 ஆகஸ்டில் கிழக்கு பிரஷ்யாவில் ரஷ்யரின் இரண்டு பெரிய படைகள் ஜெர்மனியருக்கு எதிராக நகர்ந்தன. தந்திக் கம்பி போதவில்லை. சங்கேதப் புத்தகங்களும் எல்லோரிடமும் சரியாக இல்லை. ஆகவே நாளைக்கு எந்தப் படை எந்த ஊருக்குப் போகும் என்பதையெல்லாம் சங்கேதம் இல்லாமல் பச்சையாகவே ரேடியோவில் பேசினார்கள். ஜெர்மனியர் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். டானன்பர்க் போரில் ரஷ்யரின் இரண்டாம் படை வளைக்கப்பட்டது. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். தளபதி சாம்சனோவ் தன்னையே சுட்டுக்கொண்டார்.

கம்பியில் போகும் செய்தி உரியவருக்குப் போகும். காற்றில் போகும் செய்தி எல்லோருக்கும் போகும். ரேடியோப் பாடத்தின் முதல் வரி இதுவே. ஆட்களின் பெயர், படையின் பெயர், இருக்கும் இடம், புறப்படும் நேரம் இவற்றைப் பச்சையாகச் சொல்லாதே என்று கேடட்டுக்குச் சொல்வதும், நிலையத்துக்கு 'கால் சைன்' என்ற மாற்றுப்பெயர் வைப்பதும் இதனால்தான்.

இந்த ஒட்டுக்கேட்கும் கலைக்கும் நம் தில்லித் தமிழர் பேட்டைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கரோல் பாகில் குடியிருந்தவர்களுக்கு ஆனந்த் பர்பத் குன்று தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது, அங்கே ராம்ஜஸ் கல்லூரி இருந்த கட்டடங்களில் 'ஒயர்லெஸ் எக்ஸ்பெரிமென்டல் சென்டர்' என்ற பெயரில் ஒரு நிலையம் இயங்கியது. பெயரில் ஏதோ சோதனைக்கூடம். உண்மையில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கோடு சேர்ந்து ஜப்பானிய ராணுவத்தின் ரேடியோச் செய்திகளை உடைத்துப் படித்த இடம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் வேலை செய்தார்கள். பெங்களூரிலும் பாரக்பூரிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. பர்மாக் காட்டில் ஒருவன் பேசியதைத் தில்லியில் ஒருவன் எழுதிக்கொண்டான். பேசியவனுக்குத் தெரியாது.

அக், பீர் முதல் ஆல்ஃபா, பிராவோ வரை

எழுத்துப் பெயர்களின் கதைக்கு வருவோம். பிரிட்டிஷ் சிக்னல்காரர்கள் முதலில் குழப்பம் தரும் எழுத்துகளுக்கு மட்டும் பெயர் வைத்தார்கள்: ஏ-க்கு 'அக்', பி-க்கு 'பீர்', எம்-க்கு 'எம்மா', பி-யின் அண்ணனான வல்லின 'பி'க்கு 'பிப்', டி-க்கு 'டாக்', வி-க்கு 'விக்'. முதல் உலகப் போரில் இது சிப்பாய்களின் பேச்சிலேயே ஊறிவிட்டது. காலை நேரத்தை 'அக் எம்மா', மாலையை 'பிப் எம்மா' என்றார்கள். விமான எதிர்ப்புப் பீரங்கி 'அக்-அக்' ஆனது. பெல்ஜியத்தில் பாப்பரிங்கே ஊரில் 1915-ல் சிப்பாய்களின் இளைப்பாறும் விடுதியாகத் தொடங்கிய டால்பட் ஹவுஸ், முதலெழுத்துகளால் 'டாக் எச்' என்று ஆகி ஓர் இயக்கமாகவே வளர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர் 1941-ல் 'ஏபிள், பேக்கர், சார்லி, டாக்' என்று வேறு பட்டியல் கொண்டுவந்தார்கள். ஒரே போரில் கூட்டாளிகளுக்குள் இரண்டு மூன்று பட்டியல். போர் முடிந்து விமானப் பயணம் பெருகியபோது, இங்கிலீஷ் மட்டுமின்றிப் பிரெஞ்சு, ஸ்பானிஷ் பேசுபவர் நாவிலும் காதிலும் சரியாக உட்காரும் சொற்கள் வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு முயன்றது. மான்ட்ரியால் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் ழான்-போல் வினே இதில் உழைத்தார். 1951-ல் வந்த பட்டியலில் குறைகள் தென்பட, பல நாட்டார் காதில் ஒலித்துப் பார்த்துத் திருத்தி, 1956 மார்ச் 1 முதல் இன்றைய பட்டியல் வந்தது.

அதன் நுணுக்கத்தைப் பாருங்கள். ஆல்ஃபாவை எழுதும்போது இங்கிலீஷ் வழக்கப்படி 'பி-எச்' போடாமல் 'எஃப்' போடுவார்கள். 'பி-எச்' கூட்டுக்கு ஃப என்ற ஒலி என்பது எல்லா மொழிக்காரருக்கும் தெரியாது. ஜூலியட்டின் கடைசியில் இரண்டு 'டி'. ஒன்று மட்டும் இருந்தால் பிரெஞ்சுக்காரர் அதை உச்சரிக்காமல் விழுங்கிவிடுவார். 'ஐ' என்ற எழுத்துக்கு அந்தப் பட்டியலில் உள்ள பெயர் 'இந்தியா' என்பது நமக்கு ஒரு சிறு சந்தோஷம்.

ரோஜர் என்பது யார்?

மோர்ஸ் காலத்தில் செய்தி கிடைத்தது என்பதற்கு 'ரிசீவ்டு' என்ற சொல்லின் முதலெழுத்தான 'ஆர்' தட்டினால் போதும். குரல் ரேடியோ வந்தபோது அந்த எழுத்தை அதன் பெயரால் சொன்னார்கள். அன்றைய பட்டியலில் ஆர்-க்கு 'ரோஜர்'. 1956-ல் ஆர் 'ரோமியோ' ஆகிவிட்டது. ஆனால் பதில் சொல்ல ரோஜரே நிலைத்துவிட்டார். பட்டியலில் வேலை போனாலும் கடையை விட்டுப் போகாத பழைய கணக்கப்பிள்ளை மாதிரி!

ரோஜர் என்றால் 'சரி, செய்கிறேன்' என்று அர்த்தம் இல்லை. 'நீ சொன்னது முழுவதும் என் காதில் விழுந்தது' என்பது மட்டுமே. செய்கிறேன் என்பதற்கு 'வில்கோ' என்ற தனிச்சொல் உண்டு. 'ஓவர்' என்றால் என் பேச்சு முடிந்தது, உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். 'அவுட்' என்றால் பேச்சே முடிந்தது, பதில் வேண்டாம். சினிமாவில் கதாநாயகன் "ஓவர் அண்ட் அவுட்" என்பான். பதில் சொல், சொல்லாதே என்று ஒரே மூச்சில் சொல்வது அது!

'ஓவர்' ஏன் தேவை? டெலிபோனில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். வாக்கி-டாக்கி அப்படியில்லை, பொத்தானை அமுக்கினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். முறை யாருடையது என்று சொல்லிவிட்டே கைமாற்ற வேண்டும். பொத்தானை அமுக்கியதும் ஒரு விநாடி பொறுத்துப் பேசு என்று கற்பிப்பார்கள். இல்லாவிட்டால் முதல் அசை அறுந்துபோகும். "வராதே" என்பதில் முன்பாதி போனாலோ, "சுடாதே" என்பதில் பின்பாதி போனாலோ என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கூப்பிடும்போது எதிரியின் பெயர் முதலில், நம் பெயர் பிறகு. எதிரி என்றால் இங்கே எதிர்முனையில் இருப்பவர்! தன் பெயர் காதில் விழுந்ததும் அவர் நிமிர்ந்து உட்காருவார். அடுத்து யார் கூப்பிடுகிறார் என்று கேட்பார். ஒரு சிறு உரையாடல் இப்படி இருக்கும்:

"பிராவோ, நான் ஆல்ஃபா. செய்தி இருக்கிறது. ஓவர்."
"ஆல்ஃபா, நான் பிராவோ. அனுப்புங்கள். ஓவர்."
"தண்ணீர் வண்டி எண் ஒன்று ஐந்து, பாலத்துக்கு வரட்டும். ஓவர்."
"தண்ணீர் வண்டி எண் ஒன்று ஐந்து, பாலத்துக்கு. வில்கோ. அவுட்."

காதில் விழாவிட்டால் "சே அகெய்ன்" என்று கேட்கவேண்டும். "ரிபீட்" என்று கேட்கக்கூடாது. பீரங்கிப் படையில் 'ரிபீட்' என்றால் அதே இலக்கில் அதே போல மறுபடியும் சுடு என்று பொருள். அதுபோல விமானிகள் ஆமாம் என்பதற்கு 'அஃபர்மேட்டிவ்' என்று முழுதாகச் சொல்லாமல் 'அஃபர்ம்' என்று நிறுத்துவார்கள். முன்பாதி இரைச்சலில் போனால் 'அஃபர்மேட்டிவ்'-க்கும் 'நெகட்டிவ்'-க்கும் வால் ஒன்றுதானே!

எண்களின் தகராறு

வியாபாரிகளுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1980-களில் டெபுடி கஞ்ச் பாத்திரக் கடைத்தெருவிலிருந்து டிரங்க் கால் போட்டுத் தெற்கே ஆர்டர் சொல்வோம். ஒரு முறை ஐம்பது டஜன் டம்ளர் என்று இங்கிருந்து சொன்னது அங்கே எண்பது டஜனாக விழுந்து, முப்பது டஜன் கூடுதலாக வந்து இறங்கியது. அனுப்பியவர் நல்ல மனிதர், பெயர் வேண்டாம். அதற்குப் பிறகு "அஞ்சு, சைபர், அம்பது" என்று பிரித்துச் சொல்வதும், அவரைத் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்பதும் கடையில் சட்டமாயிற்று. இங்கிலீஷில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் இதே தொல்லை. இந்தியில் உன்ச்சாஸ், உன்சட், உன்ஹத்தர், உன்யாசி என்று வரும் 49, 59, 69, 79-ஐ முப்பது வருஷம் தில்லியில் இருந்தும் தயங்கித் தயங்கிச் சொல்லும் நம்மவர் எத்தனை பேர்!

ராணுவமும் விமானத்துறையும் கண்ட தீர்வு அதேதான்: எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல். பதினைந்து என்று சொல்லாதே; ஒன்று, ஐந்து. சைபரை எழுத்தாகிய 'ஓ' என்று சொல்லாதே, 'ஜீரோ'. ஒன்பதை 'நைனர்' என்று நீட்டு. 'ஃபைவ்', 'நைன்' இரண்டும் காதில் கலக்கும். ஐந்தை 'ஃபைஃப்', மூன்றை 'ட்ரீ' என்று உச்சரிப்பதும் எல்லா நாட்டார் நாவையும் கணக்கிட்டே. கேட்டதைத் திருப்பிச் சொல்வதற்கு 'ரீட் பேக்' என்று பெயர்.

வானில் நடந்த இரண்டு விபத்துகள்

1977 மார்ச் 27 அன்று, கேனரித் தீவுகளில் டெனரிஃப் விமான நிலையத்தில் மூடுபனி. ஓடுபாதையில் ஒரு பான்-அமெரிக்கன் ஜம்போ இருக்கும்போதே இன்னொரு கே.எல்.எம். ஜம்போ புறப்பட ஓடத் தொடங்கியது. கே.எல்.எம். விமானி சொன்ன தொடர் 'புறப்படும் இடத்தில் இருக்கிறோம்' என்றும் கொள்ளலாம், 'புறப்படுகிறோம்' என்றும் கொள்ளலாம். கட்டுப்பாட்டுக் கோபுரம் முதலில் 'ஓ.கே.' என்றது. அதன் பின்னால் கோபுரம் சொன்ன 'பொறு' என்ற சொல்லும், 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்ற பான்-அமெரிக்கன் குரலும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாக, கே.எல்.எம். விமானி அறையில் ஒரு கீச்சொலிதான் கேட்டது. 583 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்துச் செய்யும்போதும் மட்டுமே சொல்வது என்று உலகம் முழுக்க விதி வந்தது.

இரண்டாவது நம் வாசலில் நடந்தது. 1996 நவம்பர் 12 மாலை, தில்லிக்கு மேற்கே ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில், தில்லியிலிருந்து கிளம்பிய சவூதி ஜம்போவும் தில்லிக்கு வந்த கஜகஸ்தான் இல்யூஷின் விமானமும் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தார்கள். சவூதி விமானத்துக்கு 14,000 அடி, கஜக் விமானத்துக்கு 15,000 அடி என்று கட்டுப்பாட்டு நிலையம் சொல்லியிருந்தது. எதிரே விமானம் வருகிறது என்பதையும் சொல்லியிருந்தது. பதிலும் வந்தது. ஆனால் கஜக் விமானம் 15,000-த்தில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. நீதிபதி ஆர்.சி. லகோட்டி தலைமையிலான விசாரணை இதையே மூலகாரணமாகக் கண்டது. விமான ஊழியரின் ஆங்கில அறிவுக் குறைவையும், கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசுபவர் ரேடியோ ஊழியர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர் என்றிருந்த ஏற்பாட்டையும் அது சுட்டிக்காட்டியது. விமானங்கள் மோதலை எச்சரிக்கும் கருவியை இந்தியா கட்டாயமாக்கியதும், தில்லியில் வரவுக்கும் போக்குக்கும் தனித்தனி வழிகள் வந்ததும் இதன் பின்புதான்.

பதில் வந்துவிட்டது என்பதால் செய்தி சேர்ந்துவிட்டது என்று ஆகாது. சொன்னது மனதில் ஏறியதா, கையில் வந்ததா என்பது வரை பார்க்கவேண்டும். 349 பேரின் உயிர் விலையில் கிடைத்த பாடம் இது.

நம் நாட்டுச் சிக்னல் படையும் மாணவர் படையும்

1911 பிப்ரவரி 15 அன்று, உத்தரப் பிரதேசத்து ஃபதேகரில் லெஃப்டினன்ட் கர்னல் பவல் என்பவர் கீழ் முதல் சிக்னல் கம்பெனிகள் எழுப்பப்பட்டன. அந்த நாளையே சிக்னல் படை தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அதன் குறிக்கோள் 'தீவ்ர சௌகஸ்'. விரைவு, விழிப்பு என்று பொருள் கொள்ளலாம். படையின் தலைமைப் பொறுப்பு 1954-ல்தான் முதன்முதலாக ஓர் இந்தியருக்கு வந்தது. அவர் குடகுக்காரரான ஏ.சி. ஐயப்பா. ஜபல்பூரில் வீரர்களுக்குப் பயிற்சி, மௌவில் அதிகாரிகளுக்குக் கல்லூரி. ராணுவத்துக்கான ரேடியோக் கருவிகளை நாமே செய்ய 1954-ல் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தொடங்கியது.

மாணவர் படையின் வேர் 1917-ல் தோன்றிய பல்கலைக்கழகப் படையில் இருக்கிறது. விடுதலைக்கு முன் 1946-ல் குன்ஸ்ரு குழு அமைந்து, அதன் பரிந்துரைப்படி 1948 ஜூலையில் தேசிய மாணவர் படை உருவாயிற்று. சீனப் போருக்குப் பின் 1963-ல் கல்லூரிகளில் கட்டாயமாகி, 1968-ல் மறுபடி விருப்பப் பாடமானது. அந்த ஐந்தாண்டில் கல்லூரியில் படித்த நம் அண்ணன்மார்களைக் கேளுங்கள். காக்கி உடுப்புக் கதை நிறையச் சொல்வார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ராணுவப் பிரிவுக் கேடட்டுகளின் பாடத்தில் செய்தித் தொடர்பு ஓர் அங்கம். குரலுக்கு நான்கு இலக்கணம் சொல்லிக்கொடுப்பார்கள்: தாளம், வேகம், அளவு, சுருதி. சொற்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துச் சொல், எழுதிக்கொள்பவன் வேகத்தில் சொல், கத்தாதே, கீழ்க்குரலில் முணுமுணுக்காதே. சங்கீத வாத்தியார் சொல்வது மாதிரியே இருக்கிறது, இல்லையா?

செல்போன் காலத்தில் எதற்கு?

இது நியாயமான கேள்வி. 2013 ஜூலையில் தந்தியே போய்விட்டது. ஆனால் 2004 டிசம்பர் 26-ஐ நினையுங்கள். அந்த மாதம் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் என்ற அம்மையாரும் குழுவினரும், அந்தமானிலிருந்து உலக ஹாம் ரேடியோ அன்பர்களோடு பேசுவதற்காக போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தார்கள். அப்போதுதான் சுனாமி வந்தது. டெலிபோன்கள் செயலிழந்தன. பொழுதுபோக்காகத் தொடங்கிய நிலையம் ஒரே நாளில் அபய நிலையமாக மாறியது. இன்னார் பிழைத்திருக்கிறார், இன்ன இடத்தில் இருக்கிறார் என்ற செய்திகள் தீவுகளுக்கும் தாய்நிலத்துக்கும் இடையே அதன் வழியாகப் போயின. அந்தமானில் நம் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை உண்டு என்பது தெரிந்ததே.

அந்த நேரத்தில் பயன்பட்டது எது? பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வது, எண்ணை இலக்கமாகச் சொல்வது, திருப்பிக் கேட்பது, அவசரத்துக்கு வழிவிடுவது. கருவி பழசானாலும் ஒழுங்கு பழசாகவில்லை.

நாங்கள் தமிழ்ச் சமணர். எங்கள் துறவிகளுக்கு விதித்த ஐந்து சமிதிகளில் ஒன்று பாஷா சமிதி. பேச்சு நன்மை தருவதாக, அளவானதாக, ஐயத்துக்கு இடமற்றதாக இருக்கவேண்டும் என்பது அதன் இலக்கணம். திருக்குறளிலும் பயனில சொல்லாமை, சொல்வன்மை, தூது என்று தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. ரேடியோப் பாடநூல் எழுதியவர்கள் இவற்றைப் படித்திருக்கமாட்டார்கள். இருந்தும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். துறவி பிற உயிருக்குத் தீங்கு வரக்கூடாது என்று அளந்து பேசினார். சிக்னல்காரன் தன் தோழன் உயிர் போகக்கூடாது என்று அளந்து பேசுகிறான்.

ஆகவே அன்பர்கள் இரண்டு காரியம் செய்யலாம். என்.சி.சி. படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அதன் எழுத்துப் பட்டியலைக் கேலி செய்யாமல், அக்-பீர் கதையையும் எம்டன் கதையையும் சொல்லி உட்கார்த்தி வைத்துக் கேளுங்கள். பிள்ளை இல்லாத வீட்டிலும், வெளியூரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு மருந்துப் பெயரோ, ரயில் வண்டி எண்ணோ, ஆஸ்பத்திரி முகவரியோ போனில் சொல்லும்போது, எழுத்தைப் பிரித்துச் சொல்லி, எண்ணை இலக்கமாகச் சொல்லி, "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கம்மா" என்று கேட்டுவிட்டுப் போனை வையுங்கள். அரை நிமிடம் கூடுதலாகும். அவ்வளவுதான்.